பாந்தர் என்பது எந்த விலங்கு? சிறுத்தை, சிவிங்கி, பூமா: ஒரு பெயர் போன வழிகள்

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் குவாலியரில் இறங்கியது. அங்கிருந்து ஹெலிகாப்டரில் அவற்றை குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குச் சிறுத்தை திரும்பிவிட்டது என்று தமிழில் பல இடங்களில் செய்தி வந்தது. அதைப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலும் கூடலூர்ப் பக்கமும் ராத்திரியில் நடமாடுகிறது, நாயைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அது எந்த விலங்கு?

அதுதான் சிறுத்தை. குனோவுக்கு வந்தது சிவிங்கி. இரண்டும் வேறு வேறு விலங்குகள். இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவித்தார்கள். சிறுத்தை எங்கேயும் போகவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 13,874 சிறுத்தைகள் இருக்கின்றன, அதில் தமிழ்நாட்டில் மட்டும் 1,070. ஒரு சொல்லை மாற்றிப் போட்டதால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் நம் காடுகளில் இருப்பதே மறைந்துபோகிறது.

இந்தக் குழப்பத்துக்குள் ஆங்கிலம் வழியாக இன்னொரு சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது: பாந்தர். பழைய வேட்டைக் குறிப்புகளில் நம் ஊர்ச் சிறுத்தைக்கு அந்தப் பெயர்தான். ஃபுளோரிடாவில் புள்ளியே இல்லாத ஒரு பழுப்பு விலங்குக்கும் அதே பெயர். மும்பையில் அது ஓர் இயக்கம், மதுரையில் ஒரு கிரிக்கெட் அணி, இரண்டாம் உலகப் போரில் ஒரு ஜெர்மன் டாங்கி. இத்தனைக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

விலங்கியல் என்ன சொல்கிறது

அறிவியலில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு சொற்கள் கொண்ட பெயர் உண்டு. முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய சொந்தங்களின் குடும்பப் பெயர் மாதிரி. இரண்டாவது சொல் அந்த இனத்துக்கு மட்டும் உரியது. பெரிய பூனைகளின் பேரினத்துக்கு 'பாந்தெரா' என்று பெயர். அதில் ஐந்து இனங்கள் இருக்கின்றன: புலி, சிங்கம், சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை.

பேரினத்தின் பெயரே பாந்தெரா. ஆனால் அந்தப் பட்டியலில் பாந்தர் என்று தனியாக ஓர் இனம் கிடையாது. மக்கள் பேச்சில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது கண்டத்துக்குக் கண்டம் மாறுகிறது.

1. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாந்தர் என்றால் சிறுத்தை. அறிவியல் பெயர் பாந்தெரா பார்டஸ். மஞ்சள் உடம்பு, அதன்மேல் பூ மாதிரி வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள். மரம் ஏறும், இரையைக் கிளைமேல் தூக்கி வைத்துத் தின்னும்.

2. மத்திய, தென் அமெரிக்காவில் கறுப்பு நிற ஜாகுவாரை அப்படிச் சொல்கிறார்கள். ஜாகுவாரின் வளையங்களுக்கு உள்ளே பெரும்பாலும் சிறு புள்ளிகள் இருக்கும், சிறுத்தையின் வளையத்தில் இருக்காது. உடம்பும் தலையும் சிறுத்தையைவிடப் பருத்தவை.

3. வட அமெரிக்காவில் பாந்தர் என்பது பூமா. இதே விலங்குக்கு கூகர், மலைச் சிங்கம் என்றும் அங்கே பெயர் உண்டு. வளர்ந்த பூமாவின் உடம்பில் புள்ளி கிடையாது, முழுக்கப் பழுப்பு.

மூன்றாவதைச் சற்று நிறுத்திக் கவனிக்க வேண்டும். பூமா, பாந்தெரா பேரினத்தையே சேர்ந்ததில்லை. அதற்குக் கர்ஜிக்கத் தெரியாது, வீட்டுப் பூனை மாதிரி குர்ர்ரென்று சத்தம் போடும். பூனைக் குடும்பத்தின் வம்சாவளியில் அது சிவிங்கிக்குப் பக்கத்துச் சொந்தம். ஆக, ஃபுளோரிடா பாந்தருக்கு வால்பாறைச் சிறுத்தையைவிட குனோவில் இறங்கிய சிவிங்கிதான் நெருங்கிய உறவு. பெயரை வைத்து உறவைக் கணித்தால் இப்படித்தான் தலைகீழாகப் போகும்.

சிவிங்கியைச் சிறுத்தையிலிருந்து பிரித்தறிய ஒரே ஒரு அடையாளம் போதும். கண்ணின் ஓரத்திலிருந்து வாய் வரைக்கும் கண்ணீர் வழிந்த தடம்போல ஒரு கறுப்புக் கோடு இறங்கும். சிறுத்தைக்கு அது இல்லை. கூடுதலாக வேண்டுமென்றால் புள்ளியைப் பார்க்கலாம். சிவிங்கியின் புள்ளி பொட்டு வைத்தது மாதிரி முழுதாக நிரம்பியிருக்கும். கால் நீளம், இடுப்பு ஒடுக்கம், தலை சின்னது. ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. சிறுத்தை பதுங்கிப் பாய்வதற்கென்று அமைந்தது.

கருஞ்சிறுத்தை தனி இனமா?

இல்லை. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கருஞ்சிறுத்தை நடந்துபோகும் கேமரா பதிவுகள் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. சாதாரணச் சிறுத்தைக்கு உடம்பில் மெலனின் என்ற கரு நிறமி மிகுந்துவிட்டால் அதுதான் கருஞ்சிறுத்தை. வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் கறுப்புக்குள்ளேயே வளையங்கள் தெரியும். அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கேமராவில் அவை இன்னும் தெளிவாக விழும். ஆய்வாளர்கள் கருஞ்சிறுத்தைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிய இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

இதன் மரபியல் பள்ளிப் பாடத்தில் படித்த ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு கணக்குதான். சிறுத்தையில் கறுப்பு நிறம் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி கறுப்பாகும். அதனால் புள்ளி போட்ட தாய்க்கும் புள்ளி போட்ட தந்தைக்கும் கறுப்புக் குட்டி பிறக்க வாய்ப்பு உண்டு. ஒரே ஈற்றில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று கறுப்பாகவும் இருக்கலாம். ஜாகுவாரில் நேர்மாறு. அங்கே கறுப்பு ஓங்கு பண்பு, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். இரண்டு விலங்கிலும் மாறியிருக்கும் மரபணுவும் வேறு வேறு. அதாவது கறுப்பு நிறம் இரண்டுக்கும் தனித்தனியாக வந்து வாய்த்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து 'பிளாக் பாந்தர்' என்று ஒரே பெயர் போட்டார்கள்.

உலகச் சிறுத்தைகளில் சுமார் 11 விழுக்காடு கறுப்பு. அவை சமமாகப் பரவியிருக்கவில்லை. ஈரமும் அடர்த்தியும் மிகுந்த காடுகளில் அதிகம், வறண்ட திறந்தவெளியில் மிகக் குறைவு. மலேயா தீபகற்பத்தின் தென்பகுதியில் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பு. நீலகிரியிலும் கர்நாடகத்தின் கபினியிலும் இவை தென்படுவதற்கு அந்தக் காடுகளின் நிழலும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

கறுப்புப் பூமா ஒன்றை அறிவியல் இதுவரை உறுதிசெய்ததே கிடையாது. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பு பாந்தரைப் பார்த்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அரசியல் பகுதியில் திரும்ப வரும்.

சொல் எங்கிருந்து வந்தது

பாந்தர் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பான்' என்றால் எல்லாம், 'தேர்' என்றால் விலங்கு, எனவே எல்லா விலங்குகளும் சேர்ந்தது என்று பழங்காலத்தவர் பிரித்துப் பொருள் சொன்னார்கள். அது ஒலியை வைத்துப் பின்னால் கட்டிய விளக்கம். கிரேக்கத்துக்கே இந்தச் சொல் கிழக்கிலிருந்து போயிருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. சமஸ்கிருதத்தின் 'புண்டரீகம்' என்ற சொல்லை அவர்கள் காட்டுகிறார்கள், அதற்குத் தாமரை என்பதோடு புலி என்ற பொருளும் உண்டு.

லெப்பர்ட் என்ற சொல்லின் கதையும் சுவையானது. லியோ என்றால் சிங்கம், பார்டஸ் என்றால் புள்ளி போட்ட பூனை. சிங்கத்துக்கும் அந்தப் பூனைக்கும் பிறந்த கலப்பு என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அப்புறம் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வேட்டைக்காரர்கள், பெரிதாக இருப்பது பாந்தர், சிறிதாக இருப்பது லெப்பர்ட், இரண்டும் வேறு என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்று என்பது பிறகுதான் நிலைபெற்றது. அந்த இரட்டைப் பெயரின் தடம் சட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த விலங்கை 'லெப்பர்ட் அல்லது பாந்தர்' என்று இரண்டு பெயரும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. எழும்பூர் பாந்தியன் சாலைக்கும் பாந்தருக்கும் தொடர்பு கிடையாது. அந்தப் பெயர் அங்கே இருந்த 'பாந்தியன்' என்ற பொழுதுபோக்கு மன்றக் கட்டடத்தால் வந்தது, கடவுளர் அனைவருக்குமான கோயில் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். ஆனாலும் ஒரு பொருத்தம் அமைந்துவிட்டது. அதே சாலையின் அருங்காட்சியக வளாகத்தில்தான் 1855இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னையின் விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். பிறகு அது சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்கு மாறி, 1985இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

தமிழில் என்ன இருக்கிறது

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. 'புலி' என்ற சொல்லைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, அதன்முன் அடையாளம் சேர்த்துப் பிரிக்கும் வழக்கம் நமக்கு உண்டு: வரிப்புலி, சிறுத்தைப்புலி, சிவிங்கிப்புலி. பூனைக் குடும்பத்திலேயே இல்லாத விலங்கைக்கூடக் கழுதைப்புலி என்று இதே முறையில் பெயரிட்டிருக்கிறோம். வேங்கை என்பது புலிக்கும் பெயர், மஞ்சள் பூப் பூக்கும் மரத்துக்கும் பெயர். அந்தப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறை நிலா வெளிச்சத்தில் புலிக்குட்டி போலத் தெரியும் என்று சங்கப் பாட்டிலேயே வருகிறது.

சிறுத்தை நமக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை. கன்னடத்தில் சிரதெ, தெலுங்கில் சிறுத்த. ஆனால் மலையாளத்தில்தான் சிக்கல். அங்கே 'புலி' என்று சொன்னால் அது பெரும்பாலும் சிறுத்தை. வரிப்புலிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'கடுவா'. எழுத்து ஒன்றுதான், விலங்கு வேறு. வயநாட்டுச் செய்தியை மலையாளத்திலிருந்து எடுத்து எழுதும்போது புலியைப் புலியாகவே விட்டுவிட்டால் விலங்கு மாறிவிடும்.

இந்தியில் சிறுத்தைக்கு தேந்துவா. சீத்தா என்பது சிவிங்கி, புள்ளிகள் கொண்டது என்ற பொருள்தரும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. குனோ செய்திகளில் சீத்தா என்று வந்ததைப் பார்த்துச் சிறுத்தை என்று எழுதிவிட்டார்கள், ஒலியும் கொஞ்சம் ஒத்துப்போனது.

சிவிங்கி என்றால் ஏதோ புதிதாக உருவாக்கிய கலைச்சொல் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்தே நாம் எல்லோரும் சொல்லிவருகிறோம், கவனித்ததில்லை. ஒட்டகச்சிவிங்கி. ஒட்டகம்போல் உயர்ந்த கழுத்து, சிவிங்கிபோல் புள்ளி போட்ட உடம்பு. கிரேக்கர்களும் அந்த விலங்கை இதே கண்ணால் பார்த்து 'கமேலோபார்டலிஸ்' என்றார்கள். கமேலோஸ் ஒட்டகம், பார்டலிஸ் புள்ளிப் பூனை. இன்றைக்கும் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதி அதுதான். பாரசீகர்கள் இடையில் ஒரு மாட்டையும் சேர்த்து, ஒட்டகம், மாடு, சிறுத்தை மூன்றையும் ஒரு பெயருக்குள் வைத்தார்கள். ஒட்டகச்சிவிங்கியைத் தயக்கமில்லாமல் சொல்லும் நாம், சிவிங்கியைத் தனியாகச் சொல்லக் கூச்சப்பட ஒரு காரணமும் இல்லை.

அலபாமாவிலிருந்து மதுரை வரை

பாந்தர் என்ற பெயரின் பயணத்தில் மிக நீளமானதும் மிக அர்த்தமுள்ளதும் அரசியல் பயணம். தமிழ்நாட்டில் சிறுத்தை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு கட்சி. அந்தப் பெயர் எங்கெங்கே நின்று வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. லவுண்டெஸ் மாவட்டம், அலபாமா, 1965. மக்களில் சுமார் 80 விழுக்காடு கறுப்பினத்தவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. மிரட்டலுக்கும் வன்முறைக்கும் நடுவே அவர்கள் வாக்குரிமைக்குப் போராடி, தங்களுக்கென்று சுதந்திர அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். ஸ்டோக்லி கார்மைக்கேல் உள்ளிட்ட மாணவர் இயக்கத்தவர் துணை நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் நிறைய இருந்ததால் ஒவ்வொரு கட்சிக்கும் வாக்குச்சீட்டில் ஒரு சின்னம் வேண்டியிருந்தது. நம் நாட்டில் சின்னம் வந்ததற்கும் இதே காரணம்தான். அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், வெள்ளையர் மேலாதிக்கம் என்ற முழக்கத்தோடு. அதற்கு எதிரில் இவர்கள் வைத்தது பாயும் கருஞ்சிறுத்தை.

2. ஓக்லாந்து, கலிஃபோர்னியா, 1966 அக்டோபர். ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய அமைப்பு அந்தச் சின்னத்தை எடுத்துக்கொண்டு 'பிளாக் பாந்தர்' என்று பெயர் வைத்தது. காவல்துறை வன்முறைக்கு எதிரான கண்காணிப்பு, பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் காலைச் சிற்றுண்டி ஆகியவற்றால் அது உலகமெங்கும் பேசப்பட்டது. இதே பெயரில் ஒரு படக்கதை நாயகன் சில மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. கட்சியிலிருந்து கதைக்கோ, கதையிலிருந்து கட்சிக்கோ பெயர் போனதாகச் சொல்வது தவறு.

3. மும்பை, 1972. மராட்டிய தலித் இளைஞர்களும் எழுத்தாளர்களும் 'தலித் பாந்தர்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜெ.வி. பவார் முன்னணியில் இருந்தார்கள். வன்கொடுமைகளுக்கு எதிரான கோபமும் புதிய கவிதையும் அங்கே ஒன்றாக வெடித்தன. மராட்டியில் பெயரை மொழிபெயர்க்கவில்லை, பாந்தர் அப்படியே நின்றது.

4. மதுரை, 1982. அதன் தமிழ்நாட்டுக் கிளையாக தலித் பாந்தர் இயக்கம் மலைச்சாமி தலைமையில் உருவானது. 1989இல் அவர் மறைந்தபின் தலைமைக்கு வந்தார் தொல். திருமாவளவன். பாந்தர் தமிழாகி 'விடுதலைச் சிறுத்தைகள்' ஆனது. நீண்டகாலம் தேர்தலைப் புறக்கணித்த இயக்கம் 1999இல் தேர்தல் களத்துக்கு வந்தது.

இந்தப் பாதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. அலபாமா மக்கள் சின்னமாக வைத்த விலங்கு அவர்கள் காட்டில் இல்லை. அங்கே ஒருகாலத்தில் இருந்தது பூமாதான், கறுப்புப் பூமா கிடையாது. கதைகளில் மட்டும் உலவிய ஒரு கறுப்பு விலங்கு அது. இரண்டு கடல் தாண்டித் தமிழுக்கு வந்து சிறுத்தை ஆனபோது, அந்தப் பெயருக்கு உயிருள்ள உடம்பு கிடைத்தது. கறுப்பும் மஞ்சளுமாக அது நம் மலைகளில் நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்ப்பெயர் வைத்தவர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. கிராமத்துச் சுவரில் எழுதினாலும் குழந்தைக்கும் புரிகிற சொல்லாக அது மாறியதில் அந்த மொழிபெயர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கட்சியின் சின்னம் ஏன் சிறுத்தை இல்லை, பானை என்று கேட்பவர்கள் உண்டு. உயிருள்ள விலங்குகளைப் பிரசாரத்தில் ஊர்வலமாக இழுத்துச் சென்று துன்புறுத்தியதால், புதிதாக விலங்குச் சின்னம் ஒதுக்குவதைத் தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது. யானை போன்ற பழைய சின்னங்கள் மட்டும் தொடர்கின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் சிதம்பரத்திலும் விழுப்புரத்திலும் அக்கட்சி வென்றது பானைச் சின்னத்தில்தான்.

இயந்திரங்கள், அணிகள், மென்பொருள்

வேகம், பதுங்கல், பாய்ச்சல் மூன்றையும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் இந்தப் பெயரை எடுத்திருக்கிறார்கள். 1911 ஜூலையில் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்தில் நங்கூரமிட்டு ஐரோப்பாவைப் போரின் விளிம்புவரை கொண்டுபோன ஜெர்மன் பீரங்கிக் கப்பலின் பெயர் பாந்தர். மூன்று ஆண்டு கழித்து, 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுக எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்ட எம்டனும் அதே கடற்படையைச் சேர்ந்ததுதான். எம்டன் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது, பாந்தரை இங்கே யாருக்கும் தெரியாது.

1943 ஜூலையில் குர்ஸ்க் போர்க்களத்தில் இறங்கிய ஜெர்மன் டாங்கிக்கும் பாந்தர் என்று பெயர். போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி செய்த டாங்கியின் பெயர் லெப்பர்ட். உக்ரைன் செய்திகளில் வருவது இந்தப் பிந்தியது. தென்கொரியாவின் கே2 டாங்கிக்குக் கருஞ்சிறுத்தை என்று பட்டப்பெயர்.

ஆப்பிள் நிறுவனம் தன் கணினி இயங்குதளப் பதிப்புகளுக்குப் பூனைப் பெயர்களாக வைத்துவந்த காலத்தில், 2003இல் வந்தது பாந்தர், 2007இல் வந்தது லெப்பர்ட். விலங்கியல் கண்ணால் பார்த்தால் ஒரே விலங்கு இரண்டு முறை வந்திருக்கிறது. 2001இன் பூமாவும் 2012இன் மலைச் சிங்கமும் அதேபோல ஒன்றுதான்.

விளையாட்டில் பட்டியல் நீளும்: ஃபுளோரிடாவின் பனிவளைகோல் பந்தாட்ட அணி, கரோலினாவின் அமெரிக்கக் கால்பந்து அணி, சிட்னி பென்ரித்தின் ரக்பி அணி. நம் பக்கம் 2018இல் டிஎன்பிஎல் பட்டம் வென்ற மதுரை பாந்தர்ஸ். அதே மதுரையில் அரசியல் பாந்தர் சிறுத்தை ஆனது, கிரிக்கெட் பாந்தர் பாந்தராகவே இருக்கிறது.

ஊர்ப்பெயரில் மிஞ்சும் விலங்கு

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி வரைபடத்தில் பாந்தர் ஓடை, பாந்தர் மலை என்று ஏராளமான இடங்கள் இருக்கின்றன. குடியேறியவர்கள் அங்கே பூமாவைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள், பிறகு சுட்டுத் தீர்த்தார்கள். கிழக்குப் பூமா அற்றுப்போனதாக 2018இல் அரசு ஆவணத்திலிருந்தே நீக்கினார்கள். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பூமா குட்டிபோட்டு வாழும் இடமாக எஞ்சியது ஃபுளோரிடாவின் தென்முனை மட்டும்.

அங்கேயும் 1990களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்து, சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் வளைந்த வாலும் இதயக் கோளாறுமாகக் குட்டிகள் பிறந்தன. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகள் தேறின. இன்று வளர்ந்த விலங்குகள் 120 முதல் 230 வரை இருக்கும் என்பது கணக்கு. டெக்சாஸில் கூகராக இருந்த தாய்க்கு ஃபுளோரிடாவில் பிறந்த குட்டி பாந்தர் ஆனது. இன்றைக்கு அவற்றுக்குப் பெரிய எமன் நெடுஞ்சாலை வாகனங்கள்.

சென்னையிலும் இப்படி ஒரு பெயர் இருக்கிறது. கோடம்பாக்கம், வடபழனிப் பகுதியின் பழைய பெயர் புலியூர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றாகப் புலியூர்க் கோட்டம் இருந்தது. வடபழனி வேங்கீசுவரர் கோயிலின் தலபுராணம் புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதரைச் சொல்கிறது. பெயருக்குக் காரணம் முனிவரா, காட்டில் இருந்த விலங்கா என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் புளியந்தோப்பை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது, அது புளிய மரத்தால் வந்த பெயர்.

செய்தியில் இந்தச் சொல் வந்தால்

விலங்கைத் தவறாகச் சொன்னால் ஆபத்தையும் தவறாகச் சொன்னதாகும். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகருக்குள் சிறுத்தை வந்தபோது தானியங்கி கேமராவும் கூண்டும் வைத்து வனத்துறை தேடியது. ஊருக்குள் பதுங்கத் தெரிந்த, நாயையும் ஆட்டையும் தேடி வரும், இருட்டில் நடமாடும் விலங்கு என்பதால் அந்த ஏற்பாடு. சிவிங்கி பகலில் திறந்தவெளியில் வேட்டையாடுவது, மனிதரை விட்டு விலகிப் போவது. வரிப்புலி என்றால் கால்தடமும் தேடும் பரப்பும் எல்லாமே வேறு. எனவே பாந்தர், சிறுத்தை, புலி என்ற சொல் கண்ணில் பட்டால் பார்க்க வேண்டியவை இவை:

1. இடம். தமிழ்நாட்டில் காட்டுக்குள் சிவிங்கி கிடையாது. இங்கே புள்ளி போட்ட பெரிய பூனை என்றால் சிறுத்தைதான்.

2. நிறம். கருஞ்சிறுத்தை என்றால் அதுவும் சிறுத்தை, அதே அளவு எச்சரிக்கை போதும். கறுப்பாக இருப்பதால் மூர்க்கம் அதிகமாகிவிடாது.

3. படம். கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு இருந்தால் அந்தப் படம் வால்பாறையில் எடுத்ததாக இருக்க முடியாது. புரளிகளில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும்.

4. மூலமொழி. அமெரிக்கச் செய்தியில் பாந்தர் என்றிருந்தால் பூமா என்று எழுத வேண்டும். இந்தியில் சீத்தா என்றிருந்தால் சிவிங்கி. கேரளச் செய்தியில் புலி என்றிருந்தால் உடனே எழுதிவிடாமல், உள்ளே எங்காவது கடுவா என்ற சொல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வயநாட்டுக் காட்டில் இரண்டுமே இருக்கின்றன.